கிளட்ச் பெடல்தான் இல்லை... கிளட்ச் இருக்கு! ஏ.எம்.டி காரில் 'சேதாரம்' எத்தனை சதவீதம்னு யாருக்குத் தெரியும்?

சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. முதல் கார் வாங்க நினைக்கும் குடும்பங்களில் அதன் பிறகு அடிக்கடி எழும் கேள்வி, "மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?" என்பதுதான். மாடலைப் பொறுத்து இன்னும் அரை லட்சம் வாக்கில் சேர்த்துப் போட்டால் கிளட்ச் மிதிக்கிற வேலையே இருக்காது என்று ஷோரூமில் சொல்வார்கள். சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அது பாதி உண்மைதான்.

மிதிக்கிற வேலை இல்லை, சரி. கிளட்ச் அப்படியேதான் இருக்கு. மேனுவல் காரில் இருக்கிற அதே வட்டத் தட்டு, அதே உரசல், அதே தேய்மானம். மாறியிருப்பது ஒன்றே ஒன்று. முன்பு அதை மிதித்தது உங்கள் இடது கால். இப்போது ஒரு சின்ன மோட்டாரோ, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஒரு தண்டோ அந்த வேலையைச் செய்கிறது. கால் ஓய்வெடுக்கப் போனதில் ஒரு நஷ்டமும் உண்டு. கிளட்ச் எப்போது வழுக்குகிறது, எப்போது சூடாகிறது என்று காலுக்குத் தெரிந்த சங்கதி இப்போது யாருக்கும் தெரிவதில்லை.

யாருக்கும் என்று சொல்வதும் தப்புதான். காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்குத் தெரியும். பிரச்சனையே அங்கேதான் ஆரம்பிக்குது.

ஏ.எம்.டி என்றால் நிஜமாகவே ஆட்டோமேட்டிக்கா?

'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே பெயரில் நாலு விதமான கியர்பாக்ஸ் விற்கப்படுகிறது. டார்க் கன்வெர்ட்டர், சி.வி.டி, இரட்டை கிளட்ச், ஏ.எம்.டி. பழைய பாணி டார்க் கன்வெர்ட்டரில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருப்பது எண்ணெய். ஒரு பக்கம் சுழலும் விசிறி எண்ணெயைத் தள்ள, அந்த எண்ணெய் மறுபக்க விசிறியைச் சுற்றுகிறது. டிராஃபிக்கில் கார் ஊர்ந்து போகும்போது வழுக்குவது திரவம்தான், அதனால் தேய்வதற்கு அங்கே எதுவும் இல்லை.

ஏ.எம்.டி-யில் அந்த இடத்தில் இருப்பது உலர்ந்த கிளட்ச் பிளேட். இன்ஜினோடு சேர்ந்து சுழலும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் சாண்ட்விச் மாதிரி மாட்டியிருக்கும். அதன் இரண்டு பக்கமும் ஒட்டியோ ரிவிட் அடித்தோ வைத்திருக்கும் உராய்வுப் பட்டைதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போகிற பொருள். முழுசாகப் பிடித்திருக்கும்போதும் தேய்வதில்லை, முழுசாக விலகியிருக்கும்போதும் தேய்வதில்லை. பாதி பிடித்து பாதி வழுக்கும் அந்தச் சில நொடிகளில்தான் தேய்மானம் நடக்கிறது.

அதனால் "கிளட்ச் எத்தனை கி.மீ வரும்?" என்ற கேள்விக்கு நேரான பதில் கிடையாது. நெடுஞ்சாலையிலேயே ஓடும் கார் ஒரு லட்சம் கி.மீ தாண்டியும் முதல் கிளட்ச்சோடு போகலாம். டவுனுக்குள்ளேயே சுற்றும் அதே மாடல் அதில் பாதி தூரத்தில் கை விரிக்கலாம். கணக்கு கி.மீ-யில் இல்லை. எத்தனை தடவை, எவ்வளவு நேரம் வழுக்கியது என்பதில்தான் இருக்கு.

ரேஸ் டிராக்கில் பிறந்தது, ஹேட்ச்பேக்கில் வந்து சேர்ந்தது

இந்தத் தொழில்நுட்பத்தின் பூர்வீகம் கொஞ்சம் சுவாரஸ்யமானது. 1989 மார்ச் மாதம் பிரேசில் கிராண்ட் பிரீ. ஜான் பர்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640 ஃபார்முலா 1 கார், ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த துடுப்பு போன்ற பட்டைகளை விரலால் இழுத்தால் கியர் மாறும் அமைப்போடு களமிறங்கியது. முழு ரேஸும் தாங்குமா என்ற சந்தேகம் அந்த அணிக்குள்ளேயே இருந்தது. நைஜல் மான்சல் அதே காரில் ஜெயித்தார். சில வருடங்களில் மொத்த ஃபார்முலா 1-ம் அந்த வழிக்கு வந்துவிட்டது. 2005-ல் கோவை நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்கு ஓட்டிய காலத்தில், விரலால் கியர் மாற்றுவது அங்கே சாதாரண விஷயம்.

1997-ல் ஃபெராரி அதைச் சாலைக்குக் கொண்டுவந்தது. எஃப் 355 காரில் 'எஃப் 1' என்ற பெயரிலேயே விற்றார்கள். பி.எம்.டபிள்யூ தன் எம்3-ல் 'எஸ்.எம்.ஜி' என்றது, லம்போர்கினி 'ஈ-கியர்' என்றது, மஸராட்டி 'கம்பியோகோர்ஸா' என்றது, ஆடி ஆர்8-ல் 'ஆர்-ட்ரானிக்' என்று வந்தது. பெயர்தான் வேற வேற, உள்ளே எல்லாம் ஒரே சங்கதி: சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ், உலர்ந்த கிளட்ச், அதை இயக்க ஹைட்ராலிக்ஸ், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கம்ப்யூட்டர்.

ஃபெராரியின் இந்த அமைப்புக்குப் பின்னால் இருந்த இத்தாலி நிறுவனம் மேக்னெட்டி மரெல்லி. 2014 பிப்ரவரியில் மாருதி சுசூகி செலேரியோ இந்தியாவின் முதல் ஏ.எம்.டி ஹேட்ச்பேக்காக வந்தபோது, அந்த கிட்டைக் கொடுத்ததும் அதே மேக்னெட்டி மரெல்லிதான். கோடிகளில் விற்ற ஃபெராரியும் சில லட்சங்களில் விற்ற செலேரியோவும் இந்த விஷயத்தில் பங்காளிகள்! பிறகு டாடா, மஹிந்திரா, ரெனோ, ஹூண்டாய், நிசான் என்று எல்லோரும் வரிசையில் சேர்ந்தார்கள். சென்னை அருகே ஒரகடத்தில் தயாராகும் க்விட், இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் எக்ஸ்டர் எல்லாம் ஏ.எம்.டி-யோடும் கிடைக்கின்றன.

விஷயம் என்னவென்றால், இந்த அமைப்பு பிறந்த இடத்தில் கார் நின்று புறப்படுவதே அபூர்வம். ஃபார்முலா 1 ரேஸில் ஒரு ஸ்டார்ட், ரெண்டு மூணு பிட் ஸ்டாப். அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் கிளட்ச் ஒரு நொடியில் சிறு பங்குக்கு விலகி உடனே பிடித்துக்கொள்ளும், தேய்மானம் மிகக் குறைவு. அதே அமைப்பை எடுத்துவந்து ஸ்பீடு பிரேக்கரும் சிக்னலும் உள்ள ரோட்டில் விட்டால் கதை தலைகீழ்.

ஸ்போர்ட்ஸ் கார் கிளட்ச் ஏன் சீக்கிரம் போகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகும் ஸ்போர்ட்ஸ் கார்களை நினைத்துக்கொள்ளுங்கள். சத்தம் பிரமாதம். ஆனால் திருவான்மியூரைத் தாண்டுவதற்குள் எத்தனை சிக்னல்!

இந்தக் கார்களில் முதல் கியரே 'நீளமானது'. அதாவது முதல் கியரிலேயே சாதாரணக் காரைவிட வேகமாகப் போக முடியும். அதற்கு விலையாக, நடை வேகத்தில் ஊரும்போது இன்ஜின் சுழற்சியும் சக்கரத்தின் சுழற்சியும் ஒத்துப்போகாது. அந்த வித்தியாசத்தை கிளட்ச் வழுக்கித்தான் சமாளிக்க வேண்டும். இன்ஜின் சட்டென்று சுழற்சியை ஏற்றி இறக்க வேண்டும் என்பதால் கிளட்ச்சைச் சின்னதாகவும் எடை குறைவாகவும் செய்வார்கள். சின்னத் தட்டு என்றால் வெப்பத்தை உள்வாங்கும் உலோகமும் குறைவு. வீட்டு சாய்தளத்தில் ரிவர்ஸ் எடுப்பது இந்த வகைக் கார்களுக்கு ஆகவே ஆகாத வேலை. நாலே தடவை முன்னே பின்னே நகர்த்தினால் போதும், தீய்ந்த வாசனை வந்துவிடும்.

அந்த வாசனை என்ன தெரியுமா? உராய்வுப் பட்டையில் கண்ணாடி இழை, ரப்பர், செம்பு அல்லது பித்தளைக் கம்பி எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது பிசின். சூடு எல்லை மீறும்போது முதலில் கருகுவது அதுதான். பிசின் கருகினால் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும். அப்புறம் பிடிப்பு குறையும், அதனால் இன்னும் வழுக்கும், இன்னும் சூடாகும். ஒரு தடவை அந்தச் சுழலுக்குள் போய்விட்டால் பிறகு தேய்மானம் படிப்படியாக நடப்பதில்லை, ஓட்டமாக நடக்கும்.

ஃபெராரிக்கு கிளட்ச் மாற்றும் செலவு லட்சங்களில். அந்தப் பணத்தில் ஒரு பழைய ஆல்டோவே வாங்கிவிடலாம். இந்தத் தலைவலி தாங்காமல்தானோ என்னவோ, 2008-ல் கலிஃபோர்னியா மாடலில் இருந்து ஃபெராரி இரட்டை கிளட்ச்சுக்கு மாறியது. லம்போர்கினி மட்டும் அவென்டடோரில் 2022 வரை ஒற்றை கிளட்ச்சைக் கைவிடவில்லை. உலகின் விலை உயர்ந்த கார்கள் ஏறக்குறைய கைகழுவிவிட்ட அமைப்பு, விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக இந்தியாவின் சின்னக் கார்களில் இப்போது ஓஹோவென்று ஓடுகிறது.

குன்றம் பெயரில்தான் இருக்கு... ஆனாலும் கிளட்ச் தேயும்

விருத்தாசலத்தின் பழைய பெயர் திருமுதுகுன்றம். பழமலை என்றும் சொல்வார்கள். பெயர் நிறைய மலை, ஊரோ சமதளம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் காருக்குத்தான் கிளட்ச் பிரச்சனை வரும், நம்ம ஊருக்கு என்ன என்று நினைக்கத் தோன்றும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் விஷயம் விளங்கும். ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள ஒரு கார் நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு, கிளட்ச் முழுசாகப் பிடிக்கும்போது மணிக்கு 15 கி.மீ வேகத்தை எட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கார் பெறும் இயக்க ஆற்றல் சுமார் 8,700 ஜூல். அதே அளவு ஆற்றல் தோராயமாக கிளட்ச்சில் வெப்பமாகவும் வெளியேறும். இது ஒரே ஒரு தடவை புறப்படுவதற்கு. தட்டு அதைத் தாங்கிக்கொண்டு, அடுத்த சிக்னலுக்குள் கொஞ்சம் ஆறியும் விடும்.

இப்போது அதே கார் 10 சதவீத ஏற்றத்தில் நிற்கிறது. அதாவது 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் சாய்வு. மேம்பால ஏற்றம் பொதுவாக இதைவிடக் குறைவு, மால் பார்க்கிங் சாய்தளம் இதைவிடக் கூடுதலாகக்கூட இருக்கும். டிரைவர் பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தி, கார் பின்னால் உருளாதபடி பிடித்து வைத்திருக்கிறார். நம்மில் பலர் செய்வதுதான். அந்த நேரத்தில் கிளட்ச்சில் சுமார் 2.3 கிலோவாட் வெப்பம் உருவாகிறது. வீட்டுக் குளியலறை கீசர் 2 கிலோவாட். ஒரு கீசரையே தட்டுக்கு நடுவில் செருகி ஆன் செய்த மாதிரி! ஒரு நிமிடம் அப்படி நின்றால் சமதளத்தில் சுமார் 16 தடவை புறப்பட்டதற்குச் சமம். ஆறுவதற்கு இடைவெளியும் கிடையாது.

ஏற்றமே இல்லாத ஊரில்? அங்கேயும் வழி இருக்கு. மாசி மகத்தன்று விருத்தகிரீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் கூட்டத்துக்கு நடுவே கார் எறும்பு மாதிரி ஊர்கிறது. பெரும்பாலான ஏ.எம்.டி கார்களில் பிரேக்கை விட்டாலே வண்டி தானாக மெல்ல நகரும். சௌகரியமான வசதி. ஆனால் டார்க் கன்வெர்ட்டரில் எண்ணெய் செய்யும் வேலையை இங்கே காய்ந்த தட்டு செய்கிறது. வண்டி அப்படி ஊரும் அத்தனை நேரமும் கிளட்ச் பாதி பிடித்து, பாதி வழுக்கிக்கொண்டு இருக்கும். தொடர் விடுமுறை முடிந்து செங்குறிச்சி சுங்கச்சாவடி வரிசையில் சென்னை நோக்கி நகரும் கார்களுக்கும் இதே கதைதான்.

மேனுவல் கார் ஓட்டுபவர் இதே வரிசையில் என்ன செய்வார்? முன்னால் உள்ள வண்டி ரெண்டு கார் நீளம் நகரும் வரை விட்டுவிட்டு, பிறகு ஒரே மூச்சில் போய் நிற்பார். கால் வலிக்கும் என்பதால் வந்த பழக்கம் அது. ஏ.எம்.டி-யில் கால் வலிக்காது. அதனாலேயே ஒரு அடி, அரை அடி என்று நகர்த்துகிறோம். சொகுசு கூடக் கூட கிளட்ச்சின் வேலையும் கூடுகிறது.

ஆக, செய்ய வேண்டியது ரொம்ப சிம்பிள். நின்றால் பிரேக்கை நன்றாக மிதித்து நில்லுங்கள், அப்போது கிளட்ச் முழுசாக விலகியிருக்கும், பட்டை தேயாது. ரயில்வே கேட் மாதிரி நீண்ட நேரம் காத்திருக்க வேண்டியிருந்தால் நியூட்ரல். ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக். சில மாடல்களில் உள்ள ஹில் ஹோல்டு வசதி ஓரிரு நொடிதான் பிடிக்கும், அதை நம்பி அங்கேயே நின்று பேசிக்கொண்டிருக்க முடியாது. முன்னால் இடைவெளி விட்டு, ஒரே நகர்வில் போங்கள். நடுவில் ஒருவர் புகுந்துவிடுவார் என்பது உண்மைதான். புகுந்தால் புகட்டும், கிளட்ச் செட்டைவிட அது மலிவு.

'செராமிக் கிளட்ச்' போட்டால் தீருமா?

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு சந்தேகம் வருவது நியாயம். செராமிக் என்றால் அங்கே தொழிற்பேட்டையில் செய்யும் ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர், அகல் விளக்கு, பொம்மை. நெய்வேலி சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் களிமண் பக்கத்திலேயே இருந்ததால் வளர்ந்த தொழில். செராமிக் படிப்புக்கென்றே அரசு கல்வி நிறுவனம் உள்ள ஊர். கீழே போட்டால் உடையும் பொருளை வைத்து கிளட்ச் எப்படி?

பெயரில் பாதி வியாபாரம். கிளட்ச்சில் வரும் 'செராமிக்' பெரும்பாலும் செம்பு, இரும்பு போன்ற உலோகத் தூளோடு செராமிக் துகளும் கிராஃபைட்டும் கலந்தது. அந்தத் தூளை அச்சில் அழுத்தி, உருகும் நிலைக்குப் போகாமல் சூடேற்றி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளச் செய்வார்கள். தூளை அச்சில் அழுத்துவது, சுட்டு இறுக்குவது என்ற அளவில் ஃபியூஸ் கேரியரும் இதுவும் ஒரே குடும்பம். ஃபியூஸ் கேரியருக்கான மண்ணும் ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூளையில்தான் இறுகுகிறது. வித்தியாசம், மண் பொருள் சூளையில் பாதி கண்ணாடியாகி இறுகும். கிளட்ச் பொருளை ஒன்றாகப் பிடித்து வைப்பது உலோகம்.

இந்த வகைப் பட்டைகள் சாதாரணப் பட்டை கருகும் சூட்டையும் தாங்கும். தட்டில் முழு வளையமாக இல்லாமல் பட்டன் மாதிரி துண்டு துண்டாக ரிவிட் அடித்திருக்கும். ரேஸ் கார்களில் உண்டு. அதைவிட முக்கியமாக, விருத்தாசலம் சுற்றுவட்டாரத்தில் கரும்பு லோடு இழுக்கும் டிராக்டர்களிலும் உண்டு. ரேஸ் காரும் டிராக்டரும் ஒரே மருந்தைச் சாப்பிடுகின்றன.

அப்படியானால் ஏ.எம்.டி காரிலும் அதையே போட்டுவிடலாமே? கூடாது. செராமிக் பட்டை சாதாரணப் பட்டை மாதிரி மெதுவாகப் பிடிக்காது. பிடித்தால் படக்கென்று பிடிக்கும். டிராக்டரில் அந்த உலுக்கல் பெரிய விஷயமில்லை, குடும்பத்தோடு போகும் காரில் பின் சீட்டில் இருப்பவர்கள் விட மாட்டார்கள். ஃப்ளைவீலின் முகத்தையும் வேகமாகத் தின்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேல், ஏ.எம்.டி கம்ப்யூட்டரில் எழுதியிருக்கும் கணக்கு முழுவதும் கம்பெனி பட்டையின் உராய்வுத் தன்மைக்குப் பழகியது. வேறு பொருளைப் போட்டால் எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு பிடிக்கும் என்பதே அதற்குப் புரியாது. டிராக்டரில் பட்டையை மாற்றினால் டிரைவரின் கால் ரெண்டு நாளில் பழகிக்கொள்ளும். கம்ப்யூட்டருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

நகைக்கடையில் சொல்கிறார்கள், சர்வீஸ் சென்டரில்?

நகை வாங்கும்போது செய்கூலி எவ்வளவு, சேதாரம் எத்தனை சதவீதம் என்று கேட்காமல் யாரும் பில் போட விடுவதில்லை. கிளட்ச்சின் சேதாரத்துக்கும் சதவீதக் கணக்கு இருக்கு என்பது பலருக்குத் தெரியாது.

எப்படி என்றால், பட்டை தேயத் தேய கிளட்ச் பிடிக்க ஆரம்பிக்கும் இடம் நகர்ந்துகொண்டே போகும். அந்த இடம் எது என்று தெரியாமல் ஏ.எம்.டி-யால் காரை உலுக்காமல் எடுக்கவே முடியாது. அதனால் கம்ப்யூட்டர் அந்தப் புள்ளியை அளந்து, நினைவில் வைத்து, அவ்வப்போது திருத்திக்கொள்கிறது. இத்தாலிய கார்களில் இதற்கு 'பி.ஐ.எஸ்' என்றே பெயர், வழுக்கல் தொடங்கும் புள்ளி என்று பொருள். புது பட்டையின் அளவோடு இன்றைய அளவை ஒப்பிட்டால் எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கு என்று சொல்லிவிடலாம். ஃபெராரி, மஸராட்டி சர்வீஸில் டயக்னாஸ்டிக் கருவியைச் செருகி இந்த எண்ணை எடுக்கிறார்கள். வெளிநாடுகளில் பழைய ஃபெராரி விற்பனை விளம்பரத்திலேயே "கிளட்ச் தேய்மானம் இத்தனை சதவீதம்" என்று போடுவது சகஜம். அந்த எண்ணைப் பார்த்துத்தான் பேரம்.

விலை குறைந்த ஏ.எம்.டி-க்கும் அடிப்படை இதேதான். கிளட்ச் மாற்றினால் கம்ப்யூட்டருக்கு மறுபடி 'கற்றுக்கொடுக்க' வேண்டும் என்று சர்வீஸ் சென்டரில் சொல்வது இந்தப் புள்ளியைத்தான். அதாவது கணக்கு உள்ளே நடக்கிறது. ஆனால் டாஷ்போர்டில் பெட்ரோல் எவ்வளவு இருக்கு, கதவு சரியாக மூடியிருக்கா, சீட் பெல்ட் போட்டாச்சா என்றெல்லாம் சொல்லும் கார், கிளட்ச் எவ்வளவு மிச்சம் என்று மட்டும் சொல்வதில்லை. சூடு எல்லை மீறினால் எச்சரிக்கை வரலாம். அது வரும்போது சேதாரம் பெரும்பாலும் நடந்து முடிந்திருக்கும்.

ஊர் மெக்கானிக்கின் நிலைமை இன்னும் மோசம். மேனுவல் காராக இருந்தால் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தே "பிளேட் போச்சுங்க" என்று சொல்லிவிடுவார். ஏ.எம்.டி-யில் பெடலே இல்லை, எதை மிதித்துப் பார்ப்பார்? பட்டையை மாற்றத் தெரிந்தாலும் அந்தப் புள்ளியைக் கற்றுக்கொடுக்கும் கருவி கையில் இல்லாவிட்டால் வண்டி நகராது. உதிரி பாகங்களுக்கும் இப்போது ஒரே சீராக 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆனால் பாகம் மலிவானாலும் வேலை முழுவதும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குள்தான் என்றால் பில் பெரிதாகக் குறையாது.

இது புதுப் பஞ்சாயத்தும் இல்லை. உதிரி பாகங்களையும் டயக்னாஸ்டிக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்காமல் பூட்டி வைத்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. செலேரியோ ஏ.எம்.டி வந்த அதே ஆண்டு! நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தைத் தொடங்கியபோது அதில் வாகனத் துறையும் சேர்க்கப்பட்டது. கையேடு, உதிரி பாக விவரம் கிடைப்பதற்கு அது ஒரு தொடக்கம். காரின் கம்ப்யூட்டரில் உள்ள தரவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை அது தொடவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2020-ல் இதற்கென்றே வாக்கெடுப்பு நடத்தி, கார் அனுப்பும் பழுதுத் தரவை உரிமையாளரும் அவர் விரும்பும் மெக்கானிக்கும் பார்க்கலாம் என்று மக்கள் முடிவு செய்தார்கள். கார் நிறுவனங்கள் அதையும் கோர்ட்டுக்கு இழுத்தன என்பது வேறு கதை.

வாரண்டியில் வருமா?

இங்கேதான் அந்த எண்ணின் மதிப்பு முழுசாகத் தெரியும். பிரேக் பேட், வைப்பர் பிளேடு மாதிரி கிளட்ச் பட்டையையும் 'இயல்பாகத் தேயும் பொருள்' என்று வாரண்டி விதிகளில் ஒதுக்கி வைத்திருப்பார்கள். கிளட்ச் 25 ஆயிரம் கி.மீ-யிலேயே போய்விட்டால் "நீங்க ஓட்டின விதம் சரியில்லை" என்பது சர்வீஸ் சென்டரின் வழக்கமான பதில்.

மேனுவல் காரில் அந்த வாதத்தில் ஒரு நியாயம் உண்டு, ஏனென்றால் மிதித்தது உங்கள் கால். ஏ.எம்.டி-யில் கிளட்ச்சை எப்போது, எவ்வளவு வேகத்தில் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தது கம்பெனி எழுதிய மென்பொருள். டிரைவர் செய்தது ஆக்சிலேட்டரை அழுத்தியதும் பிரேக்கை விட்டதும்தான். கிளட்ச்சை மிதிக்காதவர்மேல் மிதித்த பழியைப் போடுவது எப்படிச் சரி? ஏற்றத்தில் ஆக்சிலேட்டரால் வண்டியைப் பிடித்து வைத்திருந்தாரா, அல்லது ஆக்சுவேட்டரின் கோளாறால் கிளட்ச் முழுசாகப் பிடிக்காமலேயே ஓடியதா என்பதை அந்தப் பெட்டிக்குள் பதிவான தகவல்தான் காட்ட முடியும். அந்தத் தகவல் தகராறில் ஒரு தரப்பின் கையில் மட்டும் இருக்கு.

அதனால் ஏ.எம்.டி கார் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு சர்வீஸிலும் கிளட்ச் அளவீட்டை ஸ்கேன் செய்து ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லிக் கேட்பது நல்லது. வாயால் சொல்வது போதாது, எழுத்தில் வேண்டும். 10 ஆயிரம் கி.மீ-க்கு ஒரு தடவை குறித்து வைத்த நாலு எண் கையில் இருந்தால், தேய்மானம் சீராகப் போனதா, திடீரென்று எகிறியதா என்று தெரிந்துவிடும். சீராகப் போயிருந்தால் செலவு உங்களுடையது. எகிறியிருந்தால் கேள்வி கேட்க இடம் இருக்கு.

பழைய ஏ.எம்.டி கார் வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மீட்டரில் கி.மீ குறைவு என்பது இங்கே ஒன்றையும் நிரூபிக்காது. குறைந்த கி.மீ என்றால் டவுனுக்குள் மட்டுமே ஓடிய வண்டியாகவும் இருக்கலாம், அந்த கிளட்ச்தான் அதிகம் அடி வாங்கியிருக்கும். ஓட்டிப் பார்க்கும்போது ஒரு ஏற்றத்தில் நிறுத்திப் புறப்படச் சொல்லுங்கள். புறப்படும்போது உதறுகிறதா, இன்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாமல் இருக்கிறதா, ரிவர்ஸில் தீய்ந்த வாசனை வருகிறதா என்று பாருங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

தகராறு முற்றினால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். ஷோரூம் சென்னையில் இருந்தாலும் விருத்தாசலத்துக்காரர் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் போதும். 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருள் என்றால் அது மாவட்ட ஆணைய வரம்புக்குள் வரும், சின்ன ஏ.எம்.டி கார்கள் எல்லாம் அதற்குள்தான். காரின் கம்ப்யூட்டரில் உள்ள பதிவுகளைத் தாக்கல் செய்ய நிறுவனத்துக்கு உத்தரவிடும்படி மனுவிலேயே கேட்கலாம். கழற்றிய பழைய கிளட்ச் பிளேட்டை மட்டும் "குப்பைதானே, நாங்களே போட்டுடறோம்" என்று சொன்னால் விட்டுவிட்டு வராதீர்கள். ஆணையம் நிபுணர் ஆய்வுக்கு அனுப்பினால், பட்டை சீராகத் தேய்ந்ததா, ஒரு பக்கமாகக் கருகியதா என்று காட்ட அந்தத் தட்டுதான் மிச்சம் இருக்கும்.